குடத்துக்குப் பதினைந்து லிட்டர்

ஒரு கிலோ பார்லி திருட்டுப் போகிறது என்று ஸ்ரீகிருஷ்ணா கண்டுபிடித்தது தராசில் இல்லை, காகிதத்தில். தராசில் பிடிபட்டவனுக்காவது இன்னொரு தராசு உண்டு. படித்தவன் கணக்குப் போட்டுப் பிடித்துவிட்டால் அப்பீலே கிடையாது.

அவனுக்கு நாற்பத்தேழு வயது. அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறான். வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஆறு வீடுகள் உள்ள அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவன் வாத்தியார். கரண்ட் பில் தப்பாக வந்தாலும் லிஃப்ட் வைக்கலாமா வேண்டாமா என்று சண்டை வந்தாலும் அவன் கதவைத்தான் தட்டுவார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதலாண்டுப் பிள்ளைகளை லேபில் நிற்கவைத்து அவன் சொல்லும் முதல் வாக்கியம், "உலகத்தை அளக்கறதுக்கு முன்னாடி கையில இருக்கற கருவியை அளந்து பாருங்கோ" என்பது. பிள்ளைகள் கேன்டீனில் அதை அவன் குரலிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாக்கியம் நல்ல வாக்கியம்தான், சொன்னவனைப் பற்றித்தான் இந்தக் கதை.

இந்த வாத்தியாருக்கு இரண்டு வருஷமாக ஒரு ரகசியம் இருந்தது. சனிக்கிழமைகளில் மொட்டை மாடி அறையில் பீர் காய்ச்சினான்.

குடிகாரன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு டம்ளர் குடித்தால் தூங்கிவிடுவான். குடிப்பதைவிடக் காய்ச்சுவதில்தான் அவனுக்குப் போதை. பை முறை என்று ஒன்று உண்டு. ஒரு பெரிய அண்டாவில் தண்ணீரைச் சுடவைத்து, முளைகட்டி உலர்த்தி ஒன்றிரண்டாக உடைத்த பார்லியை வலைத்துணிப் பையில் போட்டு, அறுபத்தேழு டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். பார்லிக்குள் இருக்கும் மாவு சர்க்கரையாகித் தண்ணீரில் இறங்கும். பையைத் தூக்கி வடியவிட்டால் அடியில் நிற்பது தித்திப்பான சாறு. அதைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடிவைத்தால் மூன்று வாரத்தில் பீர். பைக்கான துணியை ரங்கநாதன் தெருவில் ஜன்னல் திரைக்கு என்று சொல்லி வாங்கினான். தைத்துக்கொடுத்த டெய்லர், "இவ்ளோ சின்ன ஜன்னலா சார்?" என்று கேட்டதற்கு அவன் பணத்தைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினான்.

பார்லியில் இருந்த சர்க்கரையில் எத்தனை பங்கு சாற்றில் இறங்கியது என்பதுதான் இந்தத் தொழிலில் மார்க். பால்காரர் தண்ணீர் கலந்தாரா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவார்களே, அதே மாதிரி ஒன்றைச் சாற்றில் மிதக்கவிட்டால் இனிப்பின் அளவு தெரியும். அதைச் சாறு எத்தனை லிட்டரோ அதால் பெருக்க வேண்டும். கொட்டிவாக்கத்தில் இருக்கும் சித்தார்த்தன் என்ற இன்ஜினீயரும் இதே பைத்தியம்தான். பெங்களூரிலிருந்து மூட்டையாகப் பார்லி கொண்டுவந்து பாதியை இவனுக்குக் கொடுப்பவன் அவன். அதே மூட்டைப் பார்லியில் அவனுக்கு எழுபத்தைந்து மார்க் வந்தது. ஸ்ரீகிருஷ்ணாவுக்கு அறுபது. அடுத்த முறையும் அறுபது. அதற்கடுத்த முறையும் அறுபது.

"என்ன வாத்தியாரே, பார்டர்லயே நிக்கிறீங்க" என்று சித்தார்த்தன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆயுசு முழுக்க மார்க் போட்டே பழகியவனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

வெப்பமானியை மாற்றினான். ஒரு மணி நேரத்தை ஒன்றரை மணியாக்கினான். பையைப் பிழிந்து பார்த்தான். அறுபது அசையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தலைகீழாகக் கணக்குப் போட்டான். எல்லாம் சரியாக இருந்து மார்க் மட்டும் அறுபது வர வேண்டுமானால் உள்ளே போன பார்லி எவ்வளவு இருக்க வேண்டும்? விடை நாலு கிலோ என்று வந்தது. அவன் கொடுத்தனுப்பியது ஐந்து. சில்லறை எதுவும் இல்லாமல் முழுசாக ஒரு கிலோ குறைந்ததில் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. விடை முழு எண்ணாக வந்தால் கணக்கு சரி என்று நம்புகிற ஜாதி அவன்.

கொடுத்தனுப்பியது பொன்மணியிடம்.

பொன்மணி அந்தக் கட்டடத்தில் நாலு வீடுகளில் வேலை பார்ப்பவள். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் பிறந்து வளர்ந்து, ஐந்து வருஷத்துக்கு முன்னால் குடிசைகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குப் போனவள். இரண்டு பஸ் மாறி ஆறரை மணிக்கு வந்துவிடுவாள். சனிக்கிழமைகளில் ஸ்ரீகிருஷ்ணாவுக்காக இரண்டு வேலை கூடுதல். பார்லியை அக்பர் பாஷாவின் மாவு மில்லில் கொடுத்து உடைத்து வாங்கி வருவது ஒன்று. கீழே அடிபம்பில் இரண்டு குடம் மெட்ரோ தண்ணீர் அடித்து மொட்டை மாடிவரை தூக்கி வருவது இன்னொன்று. மாடித் தொட்டியில் ஏறுவது போர் தண்ணீர். அதில் துணியே வெளுக்காது, பீர் எங்கே உருப்படும்?

குடம் பொன்மணியுடையது. ஆத்துக் குடத்தை வேலைக்காரி கையில் கொடுப்பதில்லை என்பது ஸ்ரீகிருஷ்ணாவின் அம்மா போட்ட சட்டம். அம்மா போய் ஆறு வருஷமாகிறது, சட்டம் போகவில்லை. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பொன்மணியும் ஒன்றும் கேட்காமல் தன் வீட்டிலிருந்து இரண்டு பச்சை பிளாஸ்டிக் குடங்களை பஸ்ஸில் கொண்டுவந்து மொட்டை மாடியில் வைத்துவிட்டாள். நிறைகுடம் தளும்பாது என்று சொன்னவர் குடம் சுமந்து மாடி ஏறியவராக இருக்க முடியாது. பொன்மணியின் குடங்கள் தளும்பிக்கொண்டேதான் ஏறின. முதல் மாடி ஜானு மாமி, "சனிக்கிழமை வந்தா படியெல்லாம் ஈரம், வழுக்கி விழுந்தா யார் பாக்கறது" என்று வாரம் தவறாமல் கத்துவாள். ஸ்ரீகிருஷ்ணா நோட்டில் எழுதிக்கொள்வான்: தண்ணீர் இரண்டு குடம், முப்பது லிட்டர். சாறு எத்தனை லிட்டர் என்பதும் இதிலிருந்தே வரும். குடம் என்றால் பதினைந்து லிட்டர். மெட்ராஸில் பிறந்த எவனுக்கும் தெரியும்.

கொதித்த பிறகு எப்போதும் சாறு கணக்குக்கு மேல் மிஞ்சும். அதற்கும் அவனிடம் காரணம் இருந்தது. கடலோர ஊர், ஈரக்காற்று, ஆவியாவது குறைவு. மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்றிவிடுவான்.

கட்டடத்துக்குச் சொன்ன கதை சத்துமாவு. முளைகட்டின பார்லிக் கஞ்சி, சுகருக்கு நல்லது. ஜானு மாமி தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்க, கடைப் பார்லியை வாங்கி அரைத்துக்கொடுத்துச் சமாளித்தான். மனைவி சாருலதாவுக்கு மட்டும் உண்மை தெரியும். வீட்டிலேயே பாட்டு கிளாஸ் நடத்துகிறவள். சனிக்கிழமை மட்டும் அடையாறில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பாள். "நான் பார்க்கலை, எனக்குத் தெரியாது" என்பதோடு அவள் சம்மதம் முடிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பொன்மணி மில்லிலிருந்து வந்து பையோடு ஏறியபோது அவன் இரண்டாம் மாடிப் படியிலேயே வழிமறித்தான். கையில் கொக்கித் தராசு.

"பொன்மணி, இதுல ஒரு கிலோ எங்கே போறது?"

"எந்த ஒரு கிலோ சார்?"

"வாராவாரம் போற ஒரு கிலோ."

அவளுக்குப் புரியவில்லை. "எடை போட்டுப் பாரு சார்" என்று பையை நீட்டினாள். தராசு ஐந்து கிலோ காட்டியது. இங்கேயாவது அவன் நிறுத்தியிருக்கலாம். கணக்கு தப்போ என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஆனால் அறிவாளிக்குச் சாட்சி எதிராக வந்தால் சாட்சியைத்தான் சந்தேகப்படுவான். போன மாதம் அவள் ஒரு மணியை வாயில் போட்டு, "தித்திப்பா கீது சார், கொயந்தைக்குக் கஞ்சி வெச்சா சாப்டும்" என்று ஒரு பிடி கேட்டு வாங்கிப் போனது ஞாபகம் வந்தது. அந்த ஒரு பிடி இப்போது அவன் மனசில் ஒரு கிலோவாக வளர்ந்து நின்றது.

"எடை சரியாத்தான் இருக்கும். எடைக்கு எடை கோதுமை நொய்யைக் கலந்துட்டா யாருக்குத் தெரியும்?"

கீழே ஜானு மாமியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"கலந்தேன்றியா? நானா சார்?"

"நான் சொல்லலை. கணக்கு சொல்றது."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். பிறகு மேலே மொட்டை மாடி அறையைப் பார்த்தாள். உதடு எதற்கோ திறந்தது. ஜானு மாமி படியடியில் வந்து நின்று, "என்னடா ஸ்ரீகிருஷ்ணா, என்ன எடுத்தாளாம்?" என்றாள். பொன்மணியின் உதடு மூடிக்கொண்டது. பையைப் படியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வாரத்துக்குள் நாலு வீட்டிலும் அவளுக்கு வேலை இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை ஸ்ரீகிருஷ்ணா தானே மில்லுக்குப் போனான். அக்பர் பாஷா, "அந்தம்மா வரலியா சார்? மெசின்ல ஒட்டினதைக்கூட துணியால தொடச்சு எடுத்துக்கினு போவாங்களே, ஒரு மணி வுட மாட்டாங்க" என்றார். பார், எத்தனை கெட்டிக்காரத்தனம் என்று இவன் நினைத்துக்கொண்டான். நம் ஆள் எப்படி யோசிப்பான் என்பது இதற்குள் உங்களுக்குப் பழகியிருக்கும்.

தண்ணீர் தூக்க ஆள் இல்லாததால் கேன் தண்ணீர் வரவழைத்தான். ஒன்றரை கேன், முப்பது லிட்டர். அண்டாவில் தண்ணீர் வழக்கத்தைவிட நாலு விரற்கடை இறங்கி நின்றது. அதைப் பார்த்தான், பார்த்தும் பார்க்கவில்லை. சாற்றின் இனிப்பை அளந்தான். பெருக்கினான். எழுபத்தைந்து!

மாடிப்படியில் ஒரே ஓட்டமாக இறங்கி வந்து சாருலதாவிடம் காகிதத்தைக் காட்டினான். "பார்த்தியா? அவ போனா, ஒரு கிலோ திரும்பி வந்துடுத்து. நான் சந்தேகத்துல சொல்லலை, நிரூபணம் இருக்கு." அதை அவள் ஜானு மாமியிடம் சொன்னாள். கொஞ்சநஞ்சம் இரக்கப்பட்டுக்கொண்டிருந்த மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் மாமி சொல்லக் கேட்டு நிம்மதியடைந்தார்கள். வாத்தியார் நிரூபித்துவிட்டார்.

பரீட்சைப் பேப்பர் திருத்துவதில் இரண்டு சனிக்கிழமைகள் போய், மூன்று வாரம் கழித்து அடுத்த தடவை. கேன்காரர் வரவில்லை, கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை. அண்டா காத்திருக்கிறது, சாருலதா அடையாறு போயிருக்கிறாள். மொட்டை மாடி மூலையில் அந்த இரண்டு பச்சைக் குடங்கள் கவிழ்த்தபடி கிடந்தன. எடுத்துக்கொண்டு கீழே போனான். அடிபம்பில் அடித்து, தோளில் ஒன்றாக இரண்டு நடை ஏறினான். இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது. முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. பதினைந்து கிலோ இவ்வளவா கனக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. வயசாகிவிட்டது என்று அதற்கும் காரணம் சொல்லிக்கொண்டான்.

பார்லியை அவனே நிறுத்து, அவனே மில்லுக்குக் கொண்டுபோய், மெஷின் பக்கத்திலேயே நின்று வாங்கி வந்திருந்தான். வேறு ஒரு கை படவில்லை. பையைத் தூக்கி வடியவிட்டு, சாற்றின் இனிப்பை அளந்து, பெருக்கினான்.

அறுபது.

மறுபடி அளந்தான். அறுபதேதான். அறைக்குள் யாரும் இல்லை. இருந்திருந்தால் அவன் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். பார்லி அதே பார்லி. கை அவன் கை. மாறியது ஒன்றே ஒன்று. அவன் மெதுவாகத் திரும்பிக் குடத்தைப் பார்த்தான்.

ஒரு லிட்டர் மக்கை எடுத்துக்கொண்டு, போர் தண்ணீர்க் குழாயைத் திறந்து, குடத்தில் ஊற்றி எண்ணத் தொடங்கினான். பன்னிரண்டு, பதிமூன்று. பதினைந்தில் தண்ணீர் கழுத்துக்குக் கீழேயே நின்றது. பதினாறு. பதினேழு. பாதி வெளியே சிந்தியது, அந்த மக்கை மறுபடி ஊற்றினான். பதினெட்டில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது, தளும்பியது போக மேலே வந்து சேர்வது அவ்வளவு. இரண்டு குடத்துக்கு முப்பத்தாறு. அவன் முப்பது என்று எழுதியிருந்தான். தண்ணீர் கூடினால் இனிப்பு நீர்த்துப்போகும், நீர்த்ததைக் குறைந்த லிட்டரால் பெருக்கினால் மார்க் குறையும். முதலாண்டுப் பையன்கூட மூச்சு விடாமல் சொல்லிவிடுவான். ஒரு கிலோ பார்லி எங்கேயும் போகவில்லை. அவள் எதையும் எடுக்கவில்லை. எடுக்காதது மட்டுமா? ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறு லிட்டர் தண்ணீரை அதிகமாகச் சுமந்து வந்து கொட்டியிருக்கிறாள். அந்த அதிகத்தைத்தான் அவன் திருட்டு என்று சொல்லியிருக்கிறான்.

குடத்துப் பக்கத்தில் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வெட்கம் என்றால் என்ன என்று அவனுக்கு அதுவரை தெரியாது என்றே சொல்லலாம். வேட்டி அவிழ்ந்த வெட்கம், பாடத்தில் தப்புச் சொன்ன வெட்கம் எல்லாம் தெரியும். இது உடம்பெல்லாம் கூசியது. 'நான் சொல்லலை, கணக்கு சொல்றது' என்று தன் குரலே திரும்பத் திரும்பக் காதில் கேட்டது, கேன்டீனில் பிள்ளைகள் சொல்லிக்காட்டும் அதே தொனியில்.

சாருலதா வந்ததும் சொன்னான்.

"நம்மாத்துக் குடத்தைக் குடுத்திருந்தா இந்தத் தப்பே வந்திருக்காது" என்றாள். "உங்கம்மா சொன்னா. நானும் வாயை மூடிண்டு இருந்தேன். போய்ச் சொல்லுங்கோ எல்லார்கிட்டயும்."

போனான். ஆனால் எப்படிப் போனான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாடி இறங்குவதற்குள் பீரைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்லும்படி வாக்கியங்களை அடுக்கிக்கொண்டான். ஜானு மாமியிடம், "மாமி, பொன்மணி எதுவும் எடுக்கலை. என் கணக்குதான் தப்பு" என்றான்.

"என்ன கணக்கு?"

"சத்துமாவுக் கணக்கு."

"கஞ்சி வைக்கறதுக்கு என்னடா கணக்கு?" மாமி அவனைக் கனிவோடு பார்த்தாள். "எனக்குத் தெரியும்டா உன் மனசு. ஏழை, பொழைச்சுப் போகட்டும்னு பழியை உன் மேல போட்டுக்கறே. யாருக்கு வரும் இந்தக் குணம்? ஆனா நாங்க ஜாக்கிரதையாத்தான் இருக்கணும்."

மேலே ஏறும்போது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு கணம் அவனுக்கு அந்தப் பாராட்டு இனித்தது. மறுகணமே கசந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவன் மகான் பட்டம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவள் இன்னும் திருடிதான். முன்பைவிட உறுதியான திருடி.

பொன்மணி போனை எடுக்கவில்லை. எங்கே இருக்கிறாள் என்று அக்பர் பாஷாதான் சொன்னார். பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறாள். சாயங்காலம் கடற்கரைக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றான். அவள் பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவனைக் கண்டதும் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை.

அவன் தொடங்கினான். குடம், லிட்டர், இனிப்பு, பெருக்கல் என்று ஏதேதோ. அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பெரிய கொடம் சார் அது. எங்க பேட்டைல லாரித் தண்ணி வூட்டுக்கு ஆறு கொடம். லாரிக்காரன் கொடத்தைத்தான் எண்ணுவான், கொடத்து வயித்தையா அளப்பான்? அதான் பொம்பளைங்க எல்லாம் கடைல சொல்லி வெச்சு பெருசா வாங்குவோம். இத்தக் கண்டுபுடிக்க உனுக்கு ஒரு மாசம் ஆச்சா?"

"தப்பு பண்ணிட்டேன் பொன்மணி."

"பீரு தானே காய்ச்சறே?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அந்த வாசனை எனக்குத் தெரியாதா? போலீஸு வந்து சாராயப் பானையை ஒடைக்கறதப் பாத்து வளந்தவ சார் நானு. மொத நாளே தெரியும். அன்னிக்குப் படில நின்னு திருடின்னியே, அந்த மாமி கீழ வந்து நின்னுச்சே, ஒரு வார்த்தை வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும் உனுக்கு? வாய் வரைக்கும் வந்துச்சு. புள்ளைங்களுக்குப் பாடம் சொல்றவரு, வேலை பூடும்னு முழுங்கினேன்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்த அவள் விரல்களைப் பார்த்தான். "திரும்ப வந்துடு" என்றான்.

"எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? நான் எடுக்கலேன்னு எனுக்குத் தெரியாதா? நாலு வூட்ல சொல்லு. அவங்க நம்பற மாதிரி சொல்லு." உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

நம்பும்படி சொல்வதற்கு ஒரே வழிதான் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வேறு வழிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தான். தேடியதை நினைத்தும் பிறகு வெட்கப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை. அடிபம்பில் மெட்ரோ தண்ணீர் வரும் நேரம், ஆறு வீட்டுக்காரர்களும் வாளியோடு நிற்பார்கள். ஸ்ரீகிருஷ்ணா இரண்டு பச்சைக் குடங்களையும் ஒரு லிட்டர் மக்கையும் தூக்கிக்கொண்டு இறங்கினான். பின்னாலேயே சாருலதாவும் வந்து சுவரோரம் நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேக்கணும்" என்றான். குரல் வகுப்பில் வருகிற மாதிரி வரவில்லை. "நான் மேலே சத்துமாவு பண்ணலை. பீர் காய்ச்சறேன். ரெண்டு வருஷமா."

பம்பு அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். ஜானு மாமி, "என்னது?" என்றாள். அவன் மறுபடி சொன்னான். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் குடத்தை நடுவில் வைத்து, வாளியிலிருந்து மொண்டு உரக்க எண்ணி ஊற்றினான். பதினைந்தில் நிறுத்தி எல்லோருக்கும் காட்டினான். "நான் எழுதினது இவ்வளவு." இன்னும் மூன்று ஊற்றினான். "அவ கொண்டுவந்தது இவ்வளவு. தண்ணி ஜாஸ்தியா போனதால இனிப்பு கம்மியா தெரிஞ்சுது. அதை வெச்சு அவ பார்லியைத் திருடினான்னு சொல்லிட்டேன். இந்த மூணு லிட்டரை, இவ்வளவு தூரம் தூக்கிண்டு வந்ததை, திருட்டுன்னு சொல்லிட்டேன்."

ஜானு மாமி குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் படியெல்லாம் ஈரம்" என்றாள் மெதுவாக. பிறகு அவனைப் பார்க்காமல் சாருலதாவிடம், "அவ நம்பரை எனக்கு அனுப்பு. நானே பேசறேன்" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தும்போது, "ராமா, பீராம்" என்று கேட்டது. அன்றிலிருந்து அவனை யாரும் வாத்தியார் என்று கூப்பிடவில்லை. லிஃப்ட் சண்டைக்கும் கூப்பிடவில்லை. அன்று மத்தியானமே மேலே இருந்த பீரை எல்லாம் சாக்கடையில் ஊற்றினான்.

பொன்மணி திரும்ப வந்தாள், மூன்று வீட்டுக்கு. அவன் வீட்டுக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. முதல் சனிக்கிழமை மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள், தன் குடங்களை எடுக்க. அவன் அவற்றைக் கழுவிக் காயவைத்திருந்தான். தூக்கிக் கொடுத்தான்.

அவள் படியை நோக்கித் திரும்பியபோது கேட்காமல் இருக்க முடியவில்லை. "பெரிய குடம்னு உனக்குத் தெரியுமே பொன்மணி. மூணு மாடி. கழுத்துக்குக் கீழே விட்டிருந்தாலே பதினைஞ்சு வந்திருக்கும். எதுக்கு அத்தனை தளும்பத் தளும்பத் தூக்கிண்டு வந்தே?"

பொன்மணி ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கையில் மாட்டிக்கொண்டாள்.

"கொறைச்சலா கொண்டாந்தா திருடின்னு சொல்லுவீங்களேன்னுதான் சார்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். காலிக் குடங்கள் படிச் சுவரில் இடித்துக்கொண்டே போகும் சத்தம் கீழ்ப்படி வரைக்கும் அவனுக்குக் கேட்டது.